அரை நாள் வேலைக்கும் முழு பென்ஷன் உரிமை: பகுதி நேரப் பணியாளர்களிடம் பி.எஃப். பற்றி என்ன சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் காலை ஐந்து மணி நேரம் பில் போடும் பெண். கே.கே. நகர் மருத்துவமனைக்கு மாலையில் மட்டும் வரும் ஆயா. அவனியாபுரம் பள்ளியில் வாரம் மூன்று நாள் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். கப்பலூர் சிட்கோவில் ஒரு பட்டறைக்கு மதியத்துக்கு மேல் வரும் கணக்காளர். இவர்களுக்கு பி.எஃப். பிடிக்கிறீர்களா என்று முதலாளியைக் கேட்டால், "அவங்க பார்ட் டைம்தானே" என்பார். சட்டத்தில் அந்தப் பதிலுக்கு இடமே இல்லை. 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின் கணக்கில், நிறுவனத்தின் வேலையைச் செய்து சம்பளம் வாங்கும் எவரும் தொழிலாளிதான். நாளுக்கு எத்தனை மணி நேரம் என்ற பேச்சே அந்த வரையறையில் கிடையாது.

பகுதி நேரப் பணியாளருக்குப் பென்ஷன் உரிமையை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தனியாக ஒரு பிரிவைத் தேடினால் கிடைக்காது. அந்தக் கடமை துண்டு துண்டாகக் கிடக்கிறது. சேரும்போது படிவம் 11 (முன்பு பி.எஃப். இருந்ததா என்று ஆள் எழுதித் தரும் உறுதிமொழி) வாங்க வேண்டும், நாமினி விவரம் வாங்க வேண்டும், யூ.ஏ.என். எண்ணை (வேலை மாறினாலும் மாறாத ஒரே பி.எஃப். எண்) தர வேண்டும், பிடித்த தொகையைச் சம்பளச் சீட்டில் காட்ட வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூட ஆளிடம் பேசாமல் ஒழுங்காகச் செய்ய முடியாது. 1952 சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. கூடவே வந்த மற்றத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. பழைய பி.எஃப்., பென்ஷன் திட்டங்கள் இடைக்கால ஏற்பாடாகத் தொடர்வதால், இங்கே வரும் பத்தி எண்கள் பழைய திட்டத்துக்கு உரியவை.

முதலில் தலை எண்ணுங்கள்

20 பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு பி.எஃப். பொருந்தும். இந்த 20-இல் கூட்டிப் பெருக்கத் தினமும் இரண்டு மணி நேரம் வருபவரும் ஒரு தலை, காண்ட்ராக்டர் அனுப்பும் வாட்ச்மேனும் ஒரு தலை. அரை நாள் ஆள் இரண்டு பேரைச் சேர்த்து ஒரு தலை என்று கணக்குப் போடுவது பரவலாக நடக்கும் தப்பு. மாசி வீதியில் ஒரு கடை, அண்ணா நகரில் அதன் கிளை, இரண்டிலும் பன்னிரண்டு பன்னிரண்டு பேர் என்றால் அது 24 பேர் உள்ள ஒரே நிறுவனம். ஒருமுறை பி.எஃப்.-க்குள் வந்துவிட்டால், பிறகு ஆள் எண்ணிக்கை 20-க்குக் கீழே போனாலும் வெளியே வர முடியாது.

தீபாவளிக் கூட்டத்துக்கு எடுக்கும் ஆட்களைப் பற்றிக் குழப்பம் உண்டு. அவசரத்துக்குச் சில நாள் மட்டும் எடுக்கும் ஆட்களை வைத்து 20 என்ற எண்ணிக்கையை நிரப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1971-இலேயே சொல்லியிருக்கிறது. அந்தச் சலுகை தலை எண்ணுவதற்கு மட்டும்தான். ஏற்கெனவே பி.எஃப். எண் வாங்கிய கடையில் தீபாவளிக்கு இரண்டு மாதம் வரும் பெண்ணுக்கும் முதல் நாளிலிருந்தே பி.எஃப். உண்டு. மூன்று மாதம் கழித்துத்தான் என்பதெல்லாம் எப்போதோ போய்விட்ட விதி.

மாதம் ரூ.15,000 வரை வாங்குபவர் கட்டாயம் சேர வேண்டும். "எனக்கு பி.எஃப். வேண்டாம்" என்று அவர் எழுதிக் கொடுத்தாலும் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. சேரும்போதே அதற்கு மேல் வாங்கி, முன்பு எங்கும் பி.எஃப். உறுப்பினராக இல்லாதவருக்கு மட்டும் விலக்கு. அவரிடமும் படிவம் 11 வாங்கி வையுங்கள். விலக்குக்கு வேறு ஆதாரம் உங்கள் கையில் இருக்காது.

சேரும் நாளில் பேச வேண்டியது

நியமனக் கடிதத்தில் கையெழுத்து வாங்கும் நேரத்திலேயே பேசிவிடுவது நல்லது. முதல் மாதச் சம்பளத்தில் பணம் குறைந்த பிறகு சொன்னால் அது சண்டையில்தான் முடியும். பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் தொடங்கும்: "எனக்கு எதுக்குண்ணே பி.எஃப்.? அரை நாள்தானே வாரேன். கைக்கு முழுசாக் குடுத்துருங்க." இதற்குச் சட்டம் பேசிப் பயனில்லை. ஒரு தாளை எடுத்து அவருடைய சம்பளத்தையே வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

மாதம் ரூ.6,000 என்று வைத்துக்கொள்வோம். அவர் பங்கு 12 சதவீதம், ரூ.720. முதலாளி பங்கும் ரூ.720. அதில் சம்பளத்தின் 8.33 சதவீதமான ரூ.500 பென்ஷனுக்கும் மீதி ரூ.220 அவருடைய பி.எஃப். கணக்குக்கும் போகும். இதுபோக முதலாளி காப்பீட்டுக்கு அரை சதவீதமும் நிர்வாகக் கட்டணம் அரை சதவீதமும் கட்டுகிறார். நிர்வாகக் கட்டணம் நிறுவனம் முழுமைக்கும் சேர்த்துக் குறைந்தது ரூ.500. ஆக, அவருக்குக் கையில் குறைவது 720, அவர் பெயரில் சேர்வது 1,440. முதலாளி பங்கையும் ஆள் சம்பளத்திலேயே பிடித்துவிட்டு "24 சதவீதம் பிடித்தம்" என்று சீட்டில் எழுதும் கடைகள் இருக்கின்றன. அதைத் திட்டம் வெளிப்படையாகவே தடை செய்கிறது. செங்கல் சூளை, கயிறு, பீடி போன்ற சில தொழில்களுக்கு 12-க்குப் பதில் 10 சதவீதம். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் தென்னை நார்த் தொழில் நடத்துபவர்கள் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. படிவம் 11-இல் அது இருக்கிறது, ஆனால் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை: "இதுக்கு முன்னாடி எங்கயாவது பி.எஃப். பிடிச்சாங்களா?" கல்யாணத்துக்கு முன் வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் நான்கைந்து வருடம் வேலை பார்த்த பெண்கள் மதுரைக் கடைகளில் நிறையப் பேர். அவர்கள் பெயரில் பழைய யூ.ஏ.என். இருக்கும், அவர்களுக்கே ஞாபகம் இருக்காது. கேட்காமல் புதிதாக எண் எடுக்கப் போனால் ஆதார் இடிக்கும். இடிக்காமல் இரண்டாவது எண் விழுந்துவிட்டால் அது இன்னும் மோசம், பழைய சர்வீஸ் தனியே கிடக்கும். பென்ஷனுக்குப் பத்து வருடம் வேண்டும். மில்லில் பார்த்த நான்கு வருடம் சேர்ந்தால் இங்கே ஆறே வருடம் போதும். காலையில் ஒரு கடை, மாலையில் ஒரு மருத்துவமனை என்று இரண்டு இடத்தில் வேலை செய்பவருக்கும் யூ.ஏ.என். ஒன்றுதான். அந்த எண்ணை இரண்டு இடத்திலும் கொடுக்கச் சொல்லுங்கள்.

புது யூ.ஏ.என். இப்போது மத்திய அரசின் உமங் செயலியில் முக அடையாளம் வைத்துத்தான் எடுக்க முடியும். 2025 ஆகஸ்ட் 1 முதல் இப்படி. ஆதாரில் சேர்த்த போன் நம்பர் கையில் இருக்க வேண்டும். பாதிப் பேருக்கு அது சென்னையில் இருக்கும் மகன் நம்பராக இருக்கும், அல்லது எப்போதோ தொலைந்த சிம்மாக இருக்கும். ஆளைச் சேர்க்கும் முன்பே இதைக் கேட்டு, தேவையென்றால் ஆதார் மையத்துக்கு அனுப்பி நம்பரை மாற்றச் சொல்லுங்கள். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருக்கிறபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ரேஷன் கார்டில் "பேச்சி", ஆதாரில் "பேச்சியம்மாள்", பேங்க் பாஸ்புக்கில் முன்னால் ஓர் இனிஷியல் என்று மூன்று விதமாக இருந்தால், பணம் எடுக்கும் நாளில் கிளெயிம் திரும்பி வரும்.

நாமினியும் அன்றைக்கே. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டவருக்குக் கல்யாணம் ஆனதும் அந்த நியமனம் செல்லாது, புதிதாகப் போட வேண்டும். இதை யாரும் சொல்வதில்லை.

கையில் கொடுக்கும் தாள்

வாயால் சொன்னது நாளைக்கு "சொல்லவே இல்லை" என்று ஆகிவிடும். ஒரு பக்கத் தாள் போதும். இந்த வாசகத்தை எடுத்துக்கொண்டு எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்:

"நீங்கள் __ தேதி முதல் எங்களிடம் நாளுக்கு __ மணி நேரம் வேலை செய்கிறீர்கள். மாதச் சம்பளம் ரூ.__. பகுதி நேரம் என்றாலும் நீங்கள் பி.எஃப்., பென்ஷன், காப்பீடு மூன்றிலும் முழு உறுப்பினர். சம்பளத்தில் பிடிப்பது ரூ.__. எங்கள் பங்கு ரூ.__, இதை உங்கள் சம்பளத்தில் பிடிக்க மாட்டோம். உங்கள் யூ.ஏ.என். __. பத்து வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. வேலையில் இருக்கும்போது நீங்கள் இறந்தால், ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலே உங்கள் துணைக்கும் 25 வயதுக்கு உட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கும் பென்ஷன் உண்டு. ஒவ்வொரு மாதமும் பணம் ஏறியிருக்கிறதா என்று பாஸ்புக்கில் பாருங்கள். வேலையை விட்டால் யூ.ஏ.என். எண்ணைத் தொலைக்காதீர்கள்."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அவருக்கு, இன்னொன்று அவர் கையெழுத்தோடு படிவம் 11 இருக்கும் ஃபைலில். படிக்கத் தெரியாதவர் என்றால் உரக்கப் படித்துக் காட்டி, யார் படித்தார் என்று கீழே எழுதி, படித்தவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

பென்ஷன் எவ்வளவு வரும் என்று கேட்பார்கள். 2014 செப்டம்பருக்குப் பின் சேர்ந்தவருக்குக் கணக்கு சுலபம்: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். ரூ.6,000 சம்பளத்தில் பத்து வருடம் என்றால் ரூ.857 வரும். ஆனால் குறைந்தபட்சப் பென்ஷன் ரூ.1,000 என்பதால் ஆயிரமாக ஏறும். இருபது வருடம் முடித்து 58-இல் ஓய்வு பெறுபவருக்கு இரண்டு வருடம் கூடுதலாகச் சேர்த்து, 22-ஆல் பெருக்கினால் ரூ.1,886 வரும். பெரிய தொகை இல்லை, பெரிது என்று சொல்லி ஏமாற்றவும் வேண்டாம். ஆனால் மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு இந்த வயதுக் காப்பும் குடும்பப் பென்ஷனும் வெளியே கிடைக்காது என்பதும் உண்மை. காப்பீட்டில் ரூ.7 லட்சம் வரை கிடைக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஐம்பது வயதில் வேலைக்குச் சேரும் ஆயாவுக்குப் பழைய சர்வீஸ் எதுவும் இல்லையென்றால் 58-க்குள் பத்து வருடம் வராது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவருக்கு மாதப் பென்ஷன் வராது. பென்ஷன் பங்குக்கு ஈடாக ஒரு மொத்தத் தொகை வரும், இடையில் இறந்தால் குடும்பப் பென்ஷன் உண்டு. 58 தாண்டிய பிறகும் வேலையில் இருந்தால் பென்ஷன் பங்கு நின்றுவிடும், முதலாளியின் 12 சதவீதம் முழுவதும் பி.எஃப்.-க்கே போகும். இந்த மாற்றத்தை இ.சி.ஆர்.-இல் (முதலாளி மாதாமாதம் இணையத்தில் ஏற்றும் பி.எஃப். கணக்குப் பட்டியல்) செய்ய மறப்பதால் பின்னால் பெரிய தலைவலி வருகிறது.

மாதாமாதம் இ.சி.ஆர். போடும்போது

அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் இ.சி.ஆர். ஏற்றிப் பணம் கட்ட வேண்டும். இந்த ஃபைலில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி. அந்த வரியில் என்.சி.பி. நாட்கள் என்று ஒரு கட்டம் உண்டு. சம்பளம் இல்லாமல் போன நாட்களைப் போடுவதற்கான இடம் அது. பகுதி நேர ஆளின் பென்ஷனை நாசமாக்குவது பெரும்பாலும் இந்த ஒரு கட்டம்தான்.

நடப்பது இது. ஆடிட்டர் ஆபீஸில் இ.சி.ஆர். போடுகிறவர் அரை நாள் ஆளைப் பார்க்கிறார், சம்பளம் ரூ.6,000. முழு நேர ஆளுக்கு 12,000 என்றால் இவர் பதினைந்து நாள் வந்திருக்கிறார் என்று எண்ணி, என்.சி.பி.-யில் 15 என்று அடித்துவிடுகிறார். அந்த மாதப் பணம் சரியாகத்தான் ஏறும், பாஸ்புக்கிலும் தொகை சரியாக இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் மாதம் 15 நாள் என்றால் வருடத்துக்கு 180 நாள், பன்னிரண்டு வருடத்தில் ஏறக்குறைய ஆறு வருட சர்வீஸ் காணாமல் போகும். பன்னிரண்டு வருடம் தவறாமல் பணம் கட்டியவர் 58 வயதில் பென்ஷனுக்கு மனுப் போடும்போது, சர்வீஸ் ஆறு வருடம்தான், பென்ஷன் கிடையாது என்ற பதில் வரும்.

தினமும் அரை நாள் வந்து மாதச் சம்பளம் வாங்குபவருக்கு என்.சி.பி. சுழியம். வாரம் மூன்று நாள் என்று பேசி மாதச் சம்பளம் தந்து, பேசிய நாளெல்லாம் வந்திருந்தால் அதுவும் சுழியம்தான். பேசிய நாளில் வராமல் சம்பளம் வெட்டினால் அந்த நாளை மட்டும் போடுங்கள். இ.சி.ஆர். போடுபவரிடம் இதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை அந்த ஒரு நிரலை மட்டுமாவது மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இன்னொரு தப்பு, சம்பளத்தை உடைப்பது. மொத்தம் ரூ.6,000 பேசிவிட்டு ஏட்டில் 2,500 சம்பளம், 3,500 படி என்று எழுதினால் எடுபடாது. புதிய தொகுப்பின்படி, விலக்கான படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் சம்பளமாகவே எண்ணப்படும்.

பணியாளர் தானே பார்த்துக்கொள்ளவும் வழி சொல்லிக் கொடுங்கள். யூ.ஏ.என். செயல்படுத்திய பிறகு, பதிவு செய்த போனிலிருந்து 9966044425 எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு எஸ்.எம்.எஸ்.-ஆக வரும். உமங்கில் பாஸ்புக் திறக்கலாம்.

சொல்லாமல் விட்டிருந்தால்

ரூ.6,000 வாங்கும் ஒருவரை மூன்று வருடம் கணக்கில் சேர்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் மொத்தம் 25 சதவீதம், ரூ.1,500. 36 மாதத்துக்கு ரூ.54,000. முறையாகச் சேர்த்திருந்தால் இதில் ரூ.25,920 அவர் பங்கு. ஆனால் இப்போது அதை அவரிடம் கேட்க முடியாது. உறுப்பினர் பங்கை அந்தந்த மாதச் சம்பளத்தில்தான் பிடிக்க வேண்டும், தற்செயலான தவறு, எழுத்துப் பிழை தவிர வேறு காரணத்துக்குப் பின்னால் பிடிக்கக் கூடாது என்று திட்டத்தின் 32-ஆம் பத்தி சொல்கிறது. "அவங்கதான் வேண்டாம்னாங்க" என்பது இந்த இரண்டிலும் சேராது. முழுத் தொகையும் முதலாளி கையிலிருந்து போகும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், மாதத்துக்கு 1 சதவீத இழப்பீட்டு அபராதமும் சேர்ந்தால் இன்னும் ஏறக்குறைய பத்தொன்பதாயிரம். இது ஒரே ஒரு ஆளுக்கு. சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது இதைவிட மோசம், அது நம்பிக்கை மோசடிக் குற்றம்.

காண்ட்ராக்டர் ஆட்கள்

வாட்ச்மேன், கூட்டிப் பெருக்குபவர் எல்லாம் ஏஜென்சி ஆட்கள் என்றாலும் கடைசிப் பொறுப்பு உங்களுடையதே. பில் பாஸ் செய்யும் முன் சலான் கேட்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சலானில் மொத்தத் தொகைதான் இருக்கும், பெயர் இருக்காது. வேறு இடத்து ஆட்களுக்குக் கட்டிய சலானையே உங்களிடமும் காட்டலாம். இ.சி.ஆர். பட்டியலைக் கேட்டு, உங்கள் வாசலில் நிற்பவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஆட்களிடமே "பி.எஃப். ஏறுதா?" என்று கேட்டுப் பாஸ்புக்கைக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

வேலையை விட்டுப் போகும்போது

விலகிய தேதியை உடனே ஏற்றுங்கள். அன்று சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றுதான்: பி.எஃப். பணத்தை எடுப்பதும் பென்ஷன் பங்கை எடுப்பதும் ஒன்றல்ல. நெட் சென்டரில் உட்கார்ந்து கிளெயிம் போடும்போது, பென்ஷன் பங்கை எடுக்கும் படிவம் 10சி-யையும் சேர்த்துத் தட்டிவிட்டால் அதுவரை உள்ள பென்ஷன் சர்வீஸ் அழிந்துபோகும். அடுத்த வேலையில் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். பகுதி நேர ஆட்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள். ஒவ்வொரு முறையும் எடுத்தால் இருபது வருடம் உழைத்தும் பத்து வருடம் சேராது. அதே 10சி-யில் பணத்துக்குப் பதில் திட்டச் சான்றிதழ் (அதுவரை உள்ள சர்வீஸைக் காக்கும் தாள்) கேட்கலாம். வேறு வேலை உடனே கிடைத்தால் கணக்கை அங்கே மாற்றிக்கொள்ளலாம், சர்வீஸ் தொடரும்.

20 பேருக்குக் குறைந்த கடை என்றால்

முதலாளியும் பணியாளர்களில் பெரும்பான்மையோரும் ஒப்புக்கொண்டால் தானாக முன்வந்து பி.எஃப்.-இல் சேரலாம். அது வேண்டாம் என்றால், 18 முதல் 40 வயதுக்குள் உள்ள ஆட்களிடம் இரண்டு திட்டங்களைச் சொல்லுங்கள். பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில், மாத வருமானம் ரூ.15,000-க்குள் உள்ள அமைப்புசாராத் தொழிலாளி வயதுக்கு ஏற்ப மாதம் ரூ.55 முதல் 200 வரை கட்டினால், மத்திய அரசும் அதே அளவு போடும். 60 வயதுக்கு மேல் மாதம் ரூ.3,000. பி.எஃப்.-இல் இருப்பவர் இதில் சேர முடியாது. அடல் பென்ஷன் திட்டத்துக்கு அந்தத் தடை இல்லை, வருமான வரி கட்டாதவராக இருந்தால் போதும். வங்கிக் கணக்கு இருக்கும் கிளையிலேயே விண்ணப்பிக்கலாம்.

சந்தேகம் என்றால் மதுரை மண்டல பி.எஃப். அலுவலகம் சொக்கிகுளத்தில், லேடி டோக் கல்லூரிச் சாலையில் இருக்கிறது. தொலைபேசியில் கேட்க 14470. மாதாமாதம் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் "நிதி ஆப்கே நிகட்" முகாம் நடக்கும், அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில். போகும்போது படிவம் 11 பிரதி, கடைசி மூன்று மாத இ.சி.ஆர். பட்டியல், ஆளின் ஆதார் நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் அந்தப் பணியாளரையும், ஆதாரில் உள்ள நம்பர் போட்ட போனோடு, கூட அழைத்துக்கொண்டு போங்கள்.